கொப்பியின் இடப்பக்கத்துப் புள்ளடிகள்

கலியாண வீடியோ வெட்டி ஒட்டுற வேலையில, "நல்லாயிருக்கு" எண்டு சொல்லுறதுக்கு ஒருத்தரும் போன் எடுக்கிறேல்லை. போன் அடிச்சா, ஆரோ படத்தில விடுபட்டுப் போச்சினம் எண்டுதான் அர்த்தம். கிளிநொச்சியில ஒரு ஸ்டூடியோவில பதினொரு வருசமாக் கதிரையில குந்தியிருந்து இந்த வேலையைச் செய்யிறன். முதுகு போச்சு. கண்ணாடியும் வந்திட்டுது. ஹெட்போனுக்குள்ள மேளத்தைக் கேட்டுக் கேட்டு, மேளச் சத்தம் எண்டாலே தலையிடி வாற ஆக்கள் உங்களுக்குள்ளயும் இருப்பியள். உங்களுக்குத்தான் இதைச் சொல்லுறன். மற்றவைக்கு இது விளங்காது, விளங்கினாலும் என்னில கோவம்தான் வரும்.

சாப்பிட வந்த சித்தப்பா

பெறாமகளின்ர கலியாணத்துக்குக் கனடாவில இருந்து வந்து நிண்ட ஒரு சித்தப்பா, திரும்பிப் போய் வீடியோவைப் பாத்திட்டு, தான் ஒரு இடத்திலயும் இல்லை எண்டு முதலாளிக்குப் போன் எடுத்திட்டார். முதலாளி என்னைப் பாத்த பார்வையில, நான் வேணுமெண்டு அந்தாளை வெட்டி எறிஞ்சமாதிரி இருந்தது. எனக்கு விசர் வந்திட்டுது. பக்கத்துக் கடையில சதுரக் கோடு போட்ட கணக்குக் கொப்பி ஒண்டு வாங்கினன். ஒரு சதுரம் அஞ்சு செக்கன். பொம்பிளை வீட்டுக்குச் சிவப்புப் பென்சில், மாப்பிள்ளை வீட்டுக்கு நீலம், ஐயருக்கும் சடங்குக்கும் பச்சை. படம் முழுக்க ஓடவிட்டு, கமரா ஆரில எவ்வளவு நேரம் நிண்டது எண்டு நிறம் தீட்டிக்கொண்டே வந்தன்.

அதுக்குக் கீழ இன்னொரு வரிசையும் போட்டன். வெளிநாட்டு ஆக்களுக்கு இப்ப எல்லாம் போனில நிமிர்ந்த படமா வேணும். அகலப் படத்தை நிமிர்ந்த படமா நறுக்கவேணுமெண்டா முகம் இடப்பக்கம் நிக்குதோ, நடுவிலயோ, வலப்பக்கமோ எண்டு தெரியவேணும். அதைக் குறிச்சன். படத்தின்ர ஓரத்தில ஆரின்ர முகமும் பாதியா வெட்டுப்பட்டிருந்தா அந்த ஓரத்தில பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி போட்டன். கடைசியில பாத்தா, சித்தப்பா நாற்பது செக்கன் வாறார். கொப்பியைப் படம் பிடிச்சு அனுப்பினன். இதோட மனுசன் அடங்கிடும் எண்டு நினைச்சன். உடன பதில் வந்தது: "நாற்பது செக்கன் வந்தனான் சரி. அதில முப்பத்தைஞ்சு செக்கன் சாப்பிடுறன். அப்ப நான் சாப்பிட மட்டுமோ வந்தனான்?"

லண்டனில இருந்து பாத்த செத்தவீடு

எங்கட ஸ்டூடியோவின்ர மூத்த கமராக்காரர் சிவம் அண்ணை. அக்கராயன் ஆள். குளத்துத் தண்ணியில வயல் செய்யவெண்டு யாழ்ப்பாணத்தில இருந்து வந்து குடியேறின குடும்பம். அம்பது வயசு தாண்டிட்டுது. சீனி வருத்தம் இருக்கு, அதால வெறும் தேத்தண்ணிதான். கதை குறைவு. மற்ற கமராக்காரர் எடுத்ததுக்கு நான் கோடு போட்டா, ஒரு சதுரம் சிவப்பு, ஒரு சதுரம் நீலம், ஒரு சதுரம் நிலம், ஒரு சதுரம் ஆரின்ரயோ முதுகு எண்டு கொப்பி அலங்கோலமாக் கிடக்கும். சிவம் அண்ணையின்ரது வெங்காயப் பாத்தி போல ஒரு நிறம் ஆறேழு சதுரத்துக்கு நீண்டு ஓடும். ஆளைப் பாத்தாரெண்டா பாத்துக்கொண்டு நிப்பார்.

ஒருக்கா ஒரு செத்தவீட்டை லண்டனுக்கு நேரடியாக் காட்டவேண்டி வந்தது. செத்தது தாய். மகனுக்கு அங்க விசா அலுவல் முடியேல்லை, வெளிக்கிட்டா திரும்பிப் போகேலாது. சிவம் அண்ணை மூண்டு மணித்தியாலம் ஒரு கதிரையில இருக்கேல்லை, தண்ணி குடிக்கேல்லை. பிரேதத்தை வெளிய தூக்கேக்க, தாயின்ர முகத்தை விடாமல் பின்பக்கமாவே நடந்து வாசல் படலை வரைக்கும் வந்தவர். பிறகு நான் பதிவை வெட்டுறதுக்காக அந்த மகனோட கதைச்சன். ஒண்டையும் வெட்டவேண்டாம் எண்டார். கொஞ்ச நேரம் அழுதிட்டுச் சொன்னார்: "அக்கா, நான் நிக்கவேண்டிய இடத்தில எனக்காக அந்த அண்ணை நிண்டவர் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ."

தானாச் சுத்தின தட்டு

இதுக்குப் பிறகு ஒரு ஏழெட்டு மாதம் இருக்கும். பரந்தனில ஒரு சாமத்தியவீடு, வயசுக்கு வந்த பிள்ளைக்குச் செய்யிற சடங்கு. சிவம் அண்ணைதான் எடுத்தவர். கோடு போட இருந்தா, படத்தின்ர இடது ஓரத்தில புள்ளடிக்கு மேல புள்ளடி. வலது ஓரத்தில ஒண்டுகூட இல்லை. பிள்ளைக்குத் தண்ணி வாக்கிற மாமனுக்குப் படத்தில ஒரு கண்தான் வந்திருக்கு. இடப்பக்கத்தால ஆக்கள் வந்து நிண்டு, கும்பிட்டு, போய்ட்டினம், கமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த நாள் மனுசனிட்டக் கேட்டன். "எல்லாம் வந்திருக்கே தங்கச்சி" எண்டு சொல்லிப்போட்டு மேசையில கிடந்த தேத்தண்ணியை இடக்கையால தட்டி ஊத்திவிட்டார். வயசு போகுது, கவனம் குறையுது எண்டு நினைச்சன். வேற என்னத்தை நினைக்கிறது? உடுப்புக் கடையில தலைக்கு மேல வேலை இருக்கிற தையல்காரர்போல நானும் கிடைச்ச துண்டுகளை வைச்சு ஒரு மாதிரி ஒட்டி அனுப்பினன். ஆலாத்தி எடுத்த மாமி மூண்டாம் நாள் ஸ்டூடியோவுக்கே வந்திட்டா. பட்டுச் சீலையை அந்தச் சடங்குக்கெண்டே எடுத்தவவாம். கவுண்டரில கையை ஊண்டிக்கொண்டு கேட்டா: "தட்டு வருது, தட்டைப் பிடிச்ச கை வருது, நான் வரேல்லை. ஆலாத்தித் தட்டு என்ன தானாச் சுத்துதோ?"

ஜெயபுரத்தில இருந்து வந்த தாய்

பிறகுதான் அந்தப் புதுக்குடியிருப்புக் கலியாணம். அதையும் சிவம் அண்ணைதான் எடுத்தவர். மாப்பிள்ளை அந்த ஊர். பொம்பிளை ஜெயபுரம், மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில இருந்து வந்து வன்னியில குடியேறின குடும்பம். நானும் அந்தச் சனம்தான். என்ர அப்பா அம்மாவும் கலவரத்தில அடிபட்டு, பெட்டி படுக்கையோட மலையில இருந்து இறங்கி வந்த ஆக்கள். பள்ளிக்கூடத்தில என்னோட ஒரு வாங்கில இருந்த பிள்ளையள் என்னைத் "தோட்டக்காடு" எண்டு கூப்பிட்டது இப்பவும் காதுக்குள்ள கிடக்கு. இதை ஏன் சொல்லுறன் எண்டா, அடுத்ததா நான் செய்தது எங்க இருந்து வந்தது எண்டு உங்களுக்குத் தெரியவேணும்.

பொம்பிளையின்ர தாய் பென்டிரைவைச் சேலைத் தலைப்பில முடிஞ்சுகொண்டு வந்தா. கலியாணம் முடிஞ்ச கையோட கேட்டு வாங்கின, நான் இன்னும் வெட்டாத பதிவு. "தங்கச்சி, இதக் கொஞ்சம் போட்டுப் பாருங்க" எண்டா. போட்டன். எங்கட முறையில தாலி கட்டும் வரைக்கும் பொம்பிளை மாப்பிள்ளையின்ர வலப்பக்கம் இருப்பா. முன்னுக்கு நிக்கிற கமராவுக்கு அது இடப்பக்கம். தாலி ஏறின பிறகு இடம் மாறி மற்றப் பக்கம் வந்து இருப்பா. அந்தப் படத்தில தாலி ஏறும் வரைக்கும் மாப்பிள்ளை முழுசா இருக்கிறார், அவரின்ர தோழன் முழுசா இருக்கிறார், பொம்பிளைக்கு ஒரு காது, ஒரு தோடு, பாதி நெத்தி. பின்னால நிண்ட தாய் இல்லவே இல்லை. அண்டைக்கு ரெண்டாவது கமராவும் போகேல்லை, மாத்திப் போட ஒரு துண்டும் இல்லை.

நான் அந்த அம்மாவைப் பக்கத்தில இருத்திவைச்சே கோடு போட்டன். நீலம் நீளமா ஓடுது. சிவப்பு இருக்கவேண்டிய இடமெல்லாம் புள்ளடி. இவ்வளவு காலமும் நல்ல மனுசன் எண்டு நினைச்ச சிவம் அண்ணையும் எங்களைத் தோட்டக்காடாத்தான் பாத்தாரோ எண்டு நினைச்சன். தாலி கட்டின இடத்தோட பென்சிலை வைச்சிட்டன், அதுக்கு மேல பாக்க மனம் வரேல்லை. அந்த அம்மா கத்தேல்லை, அழேல்லை. திரையைப் பாத்துக்கொண்டே மெல்லக் கேட்டா: "தாலி ஏறுற வரைக்கும் எம் புள்ள ஒங்க ஆளு கண்ணுக்குப் பொண்ணாத் தெரியலையா?"

முதலாளியின்ர மேசையில

கொப்பியைக் கொண்டுபோய் முதலாளியின்ர மேசையில விரிச்சு வைச்சன். சாமத்தியவீட்டுப் பக்கத்தைக் காட்டேல்லை, கலியாணப் பக்கத்தை மட்டும் காட்டினன். ஆரை முழுசா எடுக்கவேணும், ஆரைப் பாதியா எடுக்கவேணும் எண்டு பாத்துப் பாத்து எடுத்திருக்கிறார் எண்டு சொன்னன். சிவம் அண்ணையைக் கூப்பிட்டினம். அவர் கொப்பியைக் கையில எடுத்து, தூரப் பிடிச்சுப் பாத்தார், கிட்டப் பிடிச்சுப் பாத்தார். "நான் அந்தப் பிள்ளையை எடுத்தனான். எடுத்தனான் எண்டுதான் எனக்கு ஞாபகம்" எண்டார். என்னைத் திரும்பிப் பாத்தார். நான் நிலத்தைப் பாத்தன்.

கமராப் பையை மேசையில வைச்சிட்டு வெளிய போகேக்க இடது தோள் கதவு நிலையில அடிபட்டுது. கோவத்தில இடிச்சிட்டுப் போறார் எண்டு நினைச்சன். உள்ளுக்க ஒரு திருப்தியும் வந்தது, அதை மறைச்சு என்ன வரப்போகுது? ஜெயபுரத்தில இந்தக் கதை பரவி, மற்ற ஸ்டூடியோக்காரரும் அவரைக் கூப்பிடுறதை விட்டிட்டினம். அவர் போன அந்த நாளில, முதலாளி அவருக்குச் சொன்ன கடைசிச் சொல்லு இதுதான்: "ஞாபகத்தை விடுங்கோ அண்ணை, கொப்பியில அந்தப் பிள்ளை இல்லையே."

மாப்பிள்ளையின்ர மற்றப் பாதி

ரெண்டு மாதம் போயிருக்கும். அந்தக் கலியாணத்தை முதலாளி வேற ஆளிட்டக் குடுத்து வெட்டுவிச்சதால, மிச்சத்தை நான் பாக்கேல்லை. அதே மாப்பிள்ளையின்ர தங்கச்சி ஜேர்மனியில இருந்து போன் எடுத்தா. பொம்பிளை இடம் மாறி இருந்த பிறகு வாற அம்மி மிதிக்கிற இடத்தையும் ஆசீர்வாதத்தையும் போனுக்கு ஏத்தமாதிரி நறுக்கித் தரட்டாம். தானும் பாத்தவவாம், ஒண்டு விளங்கேல்லையாம். "அக்கா, எங்கட அண்ணா ஏன் அதில பாதியா இருக்கிறார்?" எண்டா.

நான் கொப்பியை எடுத்து, விட்ட இடத்தில இருந்து கோடு போட்டன். இப்ப சிவப்பு நீளமா ஓடுது. பொம்பிளை முழுசா இருக்கிறா, சிரிக்கிறா, அழுறா, எல்லாம் அச்சொட்டா வந்திருக்கு. மாப்பிள்ளைக்கு ஒரு காது. மாப்பிள்ளையின்ர தகப்பன் இல்லை. புள்ளடியெல்லாம் அதே இடது ஓரத்தில. பொம்பிளை இடம் மாறினவா, புள்ளடி இடம் மாறேல்லை. அந்தாள் ஒருத்தரையும் தள்ளி வைக்கேல்லை. அந்தப் பக்கம் ஆர் இருந்தாலும் அவருக்கு இல்லை. சாமத்தியவீட்டுப் பக்கத்தைத் திருப்பிப் பாத்தன், அங்கயும் அதே ஓரம்.

உடன சிவம் அண்ணைக்குப் போன் எடுத்தன். மனுசிதான் எடுத்தா. அண்ணை வவுனியா ஆசுப்பத்திரியில, நாலு நாளாச்சு, மோட்டார்சைக்கிள் மாட்டில அடிபட்டுக் கால் முறிஞ்சு போச்சு எண்டா. எப்பிடி நடந்தது எண்டு கேட்டன். அந்த அக்காவின்ர குரலில பயம் இருந்தது: "மாடு இடப்பக்கத்தால ஆறுதலா நடந்துதான் வந்ததாம் எண்டு பாத்த சனம் சொல்லுது. இவர் என்னெண்டா, றோட்டில மாடே நிக்கேல்லை எண்டு சத்தியம் பண்ணுறார்."

டொக்டர் கேட்ட கேள்வி

கொப்பியையும் கொண்டு பஸ் ஏறினன். என்னத்துக்குக் கொண்டு போறன் எண்டு எனக்கே சரியாத் தெரியேல்லை. வார்ட்டில சிவம் அண்ணை நித்திரை. டொக்டரிட்ட, நான் ஆர், என்ன வேலை, இந்தப் புள்ளடி என்ன எண்டு தட்டுத்தடுமாறிச் சொன்னன். பைத்தியம் எண்டு நினைப்பார் எண்டு பயமாவும் இருந்தது. அவர் கொப்பியை வாங்கி, ஒவ்வொரு பக்கமாத் திருப்பினார். பிறகு ஒரு தாதியைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார்.

அடுத்த நாள் கண்ணையும் சோதிச்சு, தலையையும் படம் எடுத்துப் பாத்தினம். பல மாதத்துக்கு முதல் மூளையில ஒரு சின்ன இரத்த அடைப்பு வந்திருக்கு. சீனியும் பிரஷரும் சேர்ந்த வேலை. ரெண்டு கண்ணிலயும் இடப்பக்கத்துப் பார்வை போச்சு. கண் நல்லாத்தான் இருக்கு, மூளைதான் அந்தப் பக்கத்தை வாங்குதில்லையாம். அதோட இருக்கிற ஆளுக்கே அது தெரியாமல் போறது உண்டாம், ஒரு கறுப்பும் தெரியாதாம், அந்தப் பக்கம் எண்டு ஒண்டு இல்லை, அவ்வளவுதான். போன பார்வை இனி வராது. நேரத்துக்கு மருந்து தொடங்கியிருந்தா பிறகு வந்த இன்னொரு சின்ன அடைப்பையாவது தடுத்திருக்கலாமாம், இப்ப இடக்கையும் பலம் குறைஞ்சு போச்சு. டொக்டர் பார்வையைச் சோதிச்சு எடுத்த ஆசுப்பத்திரிக் கடுதாசி ஒண்டைக் காட்டினார். வட்டத்துக்குள்ள இடது பாதி முழுக்கக் கறுப்பு. பக்கத்தில என்ர கொப்பியை வைச்சார். கோவமாக் கேக்கேல்லை, தெரிஞ்சுகொள்ளத்தான் கேட்டார்: "எங்கட மெசின் இண்டைக்குக் காட்டினதை நீங்கள் எப்பவோ போட்டு வைச்சிருக்கிறியள். இதை முதல் ஆருக்குக் காட்டினனீங்கள்?"

சொல்லச் சொன்ன செய்தி

சிவம் அண்ணை வீட்டுக்கு வந்த பிறகு அக்கராயனுக்குப் போனன். கட்டிலுக்கு இடப்பக்கம் கிடந்த கதிரையில இருந்திட்டன், அவர் மனுசியைக் கூப்பிட்டு "ஆரோ வந்த சத்தம் கேட்டுது, ஆர்?" எண்டார். எழும்பி மற்றப் பக்கம் போனன். "அண்ணை, நான்தான் உங்களை முதலாளியிட்டக் காட்டிக் குடுத்தனான். பாதிக் கோட்டோட காட்டினனான். வேணுமெண்டு செய்தனீங்கள் எண்டு நான்தான் சொன்னனான்" எண்டு அழுதுகொண்டே சொன்னன். தெரியும் எண்டார். அந்தத் தாய் ஊரில என்ன சொல்லித் திரியிறா எண்டதும் தெரியுமாம். வேலை போனதைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லை, கையைப் பற்றியும் கதைக்கேல்லை. ஒண்டைத்தான் கேட்டார்: "தங்கச்சி, நான் ஆக்களைப் பாத்துத் தள்ளி வைக்கிறவன் இல்லை. அந்த அம்மாவிட்டப் போய் அதை மட்டும் சொல்லிவிடும்."

அங்க இருந்தே ஜெயபுரத்துக்குப் போனன். அந்த அம்மா முத்தத்தில நெல்லுக் காயவிட்டிருந்தா. கொப்பியை விரிச்சு, தாலிக்கு முதலும் தாலிக்குப் பிறகும் காட்டினன். பொம்பிளை, மாப்பிள்ளை, கமரா நிண்ட இடம், அந்தாளின்ர கண், மாடு, கை, எல்லாம் சொன்னன். பிழை என்ரது, நீங்கள் நினைச்சதை நான் கோடு போட்டு உறுதிப்படுத்தினனான் எண்டும் சொன்னன். அவா விரலால அந்தப் புள்ளடியளை ஒவ்வொண்டாத் தொட்டுக்கொண்டு வந்தா. நெல்லுக்குள்ள வந்த கோழியைக் கூடக் கலைக்கேல்லை. பிறகு என்ர முகத்தைப் பாத்துச் சொன்னா: "அந்த மனுசன் காலத் தொட்டுக்கூட நான் மன்னிப்பு கேட்டுடுவேம்மா. ஆனா கோயில்லயும் கடையிலயும் பஸ்லயும் பாத்தவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே, அவங்கள எல்லாம் நான் எங்க போய்த் தேடுவேன்?"

கோடு போடுறதை நான் இன்னும் விடேல்லை. தாலி கட்டின இடத்தோட நிப்பாட்டாமல், ஆக்கள் எல்லாம் போய்ப் பந்தலைக் கழட்டுற கடைசிச் சதுரம் வரைக்கும் இப்ப போடுறன், முதலாளி அதை வீண் வேலை எண்டு சொல்லுறார்.